எருமையின் இரண்டாவது சாவி

எருமையை வெட்டிய அன்று இருளப்பன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எருமை என்றால் நாலு கால் எருமை இல்லை. கோவில்பட்டியில் நாங்கள் வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனியில் வேகன்களை இழுத்தும் தள்ளியும் திரிந்த பழைய டீசல் இன்ஜின். நான் அதன் டிரைவர். இன்ஜினுக்கும் வேகனுக்கும் நடுவில் புகுந்து கொக்கி மாட்டுவதும் கழற்றுவதும் இருளப்பனின் வேலை.

போன புரட்டாசியில் ஒரு காலை நேரம். கம்பெனியை மூடிப் பல வருஷமாகிவிட்டது. உடைமரத்தடியில் எருமை தன்பாட்டுக்கு நின்றது. மேலே காக்கை எச்சம், சக்கரத்துக்கு நடுவே ஆளுயரத்துக்குச் செடி. காஸ் கட்டரோடு மூன்று பேர் வந்திறங்கினார்கள். இருளப்பனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே கட்டைக் கால். அதை நீட்டித்தான் உட்கார முடியும்.

"தம்பி, அப்படியே பத்த வச்சிராத. மொதல்ல தண்ணி ஊத்து. இது தீப்பெட்டி மருந்து விழுந்த மண்ணு" என்றார் இருளப்பன்.

"அதெல்லாம் மழையில கரைஞ்சு போயிருக்கும் தாத்தா" என்று சிரித்தான் கட்டர் பிடித்தவன்.

"நீ ஊத்து. பொறவு சிரி."

நாலைந்து குடம் ஊற்றினார்கள். இருளப்பன் நாற்காலியைப் பிடித்து எழுந்து, விந்தி விந்தி எருமையிடம் போனார். மஞ்சள் பையில் அரளி மாலை ஒன்று கொண்டு வந்திருந்தார். அதை முன்பக்கக் கொக்கியில் மாட்டிவிட்டு இரும்பைத் தட்டிக் கொடுத்தார்.

"போயிட்டு வா எருமை. உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது, கேட்டியா? பிரேக்கு தேஞ்சதுன்னு தெரிஞ்சும் உன்னய வச்சு வேல வாங்குனாவல்லா, அவிய மேலதான் தப்பு. நீ என்ன செய்வ, பாவம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணாச்சி, நான் சொல்லுதது சரிதானே?"

"சரிதான்வே" என்றேன்.

கட்டர் பற்றிக்கொண்டது. முதலில் டிரைவர் நிற்கும் கூண்டைத்தான் வெட்டினார்கள். இருளப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. 

போனில் வரும் பிழைத்திருத்தம்

வாரப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை யார் வாசிக்கிறார்களோ இல்லையோ, கழுகுமலையில் ஒருவர் வாரம் தவறாமல் கேட்கிறார். இருளப்பனுக்குக் கண்ணில் புரை. மகள் பேச்சி, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் முன்னால், வெள்ளிக்கிழமை காலையில் புத்தகத்தை வாங்கி வந்து அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். வாசித்து முடித்த கையோடு எனக்குப் போன் வரும்.

"அண்ணாச்சி, இந்த வாரம் மூணு தப்பு."

"சொல்லும்."

"கேண்டீன்ல உளுந்த வடைன்னு எழுதியிருக்கீங்க. நம்ம கேண்டீன்ல என்னைக்கு உளுந்த வடை போட்டான்? பருப்பு வடைதான்."

இப்படி ஒவ்வொன்றாக வரும். ஞாபகத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திருத்தி முடித்துவிட்டு, கடைசியில் தவறாமல் ஒன்று கேட்பார்.

"எருமையப் பத்தி எப்ப எழுதப் போறீங்க?"

"எழுதணும்வே."

"என் கால் போன கதையையும் எழுதிருங்க. நாலு பேரு தெரிஞ்சிக்கிடட்டும்."

இதோ, எழுதுகிறேன்.

வாய்க்கூடை போட்ட இன்ஜின்

எங்கள் கம்பெனியில் தயாரானது தீப்பெட்டி மருந்து. குச்சியின் தலையில் இருக்கிறதே, அதற்கான வெள்ளைத் தூள். சுற்றுவட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கெல்லாம் அங்கிருந்து போனது. ஊரே தீக்குச்சியில் பிழைத்தது. ஆனால் எங்கள் கேட்டுக்குள் ஒரு தீக்குச்சிகூடக் கொண்டுபோக முடியாது. வாட்ச்மேன் ஒவ்வொருவர் பையையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். பீடி குடிக்கிறவர்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரப் பொந்தில் தீப்பெட்டியை ஒளித்துவிட்டு வருவார்கள். சாயங்காலம் யார் பெட்டியை யார் எடுத்தான் என்று தினம் ஒரு சண்டை.

அந்தத் தூள் துணியில் படிந்து காய்ந்தால் போதும், உரசினாலே பற்றிக்கொள்ளும். அதனால் வேலை முடிந்து குளித்து, உடுப்பை அங்கேயே அலசிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் புகை கக்கும் இன்ஜின். அதன் புகைக்குழாயில் தீப்பொறி வெளியே பறக்காமலிருக்கக் கம்பி வலையால் ஒரு மூடி போட்டிருந்தார்கள். சூடடிக்கும்போது மாடு தானியத்தைத் தின்னாமல் இருக்க வாய்க்கூடை போடுவோமே, பார்க்க அப்படியேதான் இருக்கும். எருமை என்ற பெயர் அதனால்தான் வந்தது. கறுப்பு நிறமும், விரட்டினாலும் நகராத குணமும் சேர்ந்துகொண்டன.

எங்களுக்கு வருவதற்கு முன்னால் அது எங்கேயோ ஒரு சர்க்கரை ஆலையில் ஓடியதாம். அங்கே தேய்ந்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. காலையில் கிளப்ப அரைமணி நேரம் கெஞ்ச வேண்டும். கிளம்பிவிட்டாலோ கூண்டு முழுக்க உதறும்; என் பல்லெல்லாம் ஆடும்.

ஸ்டேஷன் யார்டிலிருந்து கம்பெனிவரை எங்களுக்கென்று தனிப் பாதை. கரிசல் மண்ணில் போட்ட பாதை. கரிசலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் ஊதிக்கொண்டு வரும். ஒவ்வொரு ஐப்பசியிலும் தண்டவாளம் ஓரிடத்தில் எழும்பும், ஓரிடத்தில் அமுங்கும். ஜல்லி கொட்டிக் கொட்டி மாளாது. கம்பெனியை நெருங்கும் இடத்தில் பாதைக்கு லேசான சரிவும் உண்டு. அந்தச் சரிவை மறந்துவிடாதீர்கள்.

சாவி யார் இடுப்பில்?

எருமையின் கூண்டில் ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. ஒரு சாண் நீளம். அதை முன்னால் தள்ளினால் இன்ஜின் முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் போகும். கழற்றி எடுத்துவிட்டால், இன்ஜின் உறுமிக்கொண்டு நிற்குமே தவிர நகராது. நாங்கள் அதைச் சாவி என்போம்.

இருளப்பன் வேலைக்குச் சேர்ந்த வாரம் என்னிடம் வந்து நின்றார். பேச்சி அப்போது கைக்குழந்தை. அவருக்கு முன்னால் கொக்கி மாட்டியவருக்கு இரண்டு விரல் போயிருந்தது. அதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, நான் நடுவுல பூருததுக்கு முந்தி அந்தச் சாவியக் கழத்தி எங்கிட்ட குடுத்துருங்க. வெளிய வந்த பொறவு நானே கொண்டாந்து குடுக்கேன்."

"ஏம்வே, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு அண்ணாச்சி. எருமை மேல இல்ல."

சிரித்துவிட்டேன். "சரி, உம்ம இஷ்டம்" என்றேன். "கழுகாசலமூர்த்தி மேல சத்தியமா?" என்றார். "சத்தியம்" என்றேன்.

கம்பெனியின் எந்தப் புத்தகத்திலும் இந்தச் சட்டம் கிடையாது. இது எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் வேகனுக்கு நடுவில் குனிவார். நான் கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

ஆனால் ஒரு தொந்தரவு இருந்தது. கொக்கி இறுகிக்கொண்டால் கழற்ற வராது. இன்ஜினை ஒரு சாண் தள்ளிக் கொடுத்தால்தான் இளகும். அதற்கு இருளப்பன் வெளியே வரவேண்டும், சுற்றி வந்து சாவியைக் கொடுக்கவேண்டும், நான் தள்ளவேண்டும், மறுபடி சாவியைக் கழற்றிக் கொடுக்கவேண்டும், அவர் மறுபடி குனியவேண்டும். ஒரு வேகனுக்கு இரண்டு தரம், மூன்று தரம். இருளப்பனின் நடையும் ஆடி அசைந்துதான் இருக்கும். சரக்கு இறக்க நிற்கிறவர்கள் "என்ன, ரெண்டு எருமையும் தூங்குதா?" என்று கேலி பேசுவார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கும் வருகிறது, அந்தக் கோபத்தின் மேல்.

ஒருநாள் சாவியைக் காகிதத்தில் வைத்து அளவு வரைந்து, மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். "தொலைஞ்சு போனா ஆத்திர அவசரத்துக்கு" என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். மறுநாள் இரண்டாவது சாவி கைக்கு வந்தது.

முதலில், இருளப்பன் சாவியோடு டீ குடிக்கப் போய்விட்ட நேரங்களில்தான் போட்டேன். அப்புறம், கொக்கி இறுகி அவர் வெளியே வந்து நிற்கும்போது, சுற்றி வருவதற்குள் சட்டென்று போட்டு ஒரு சாண் தள்ளிவிட்டுக் கழற்றிவிடுவேன். "கொஞ்சம் தானா நகந்துருச்சுவே, இப்ப இளகியிருக்கும் பாரும்" என்பேன். "சரிவுல்லா" என்பார். சந்தேகமே படமாட்டார்.

எருமை தானாக நகரும் என்று அவரை நம்பவைத்தது நான்தான். கால் போவதற்கு வெகுமுன்பே நம்பவைத்துவிட்டேன்.

கொங்காணி

ஐப்பசி அடைமழை. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். தூத்துக்குடியிலிருந்து மருந்து செய்வதற்கான பொட்டாஷ் உப்பு வேகன்கள் வந்திருந்தன. நனைந்தால் சரக்கு கட்டிப்போகும். கொட்டகைக்குள் தள்ளச் சொல்லி ஆள்மேல் ஆள் வந்தார்கள்.

இருளப்பன் கொங்காணி போட்டிருந்தார். சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் மாட்டிக்கொள்வோமே, அது. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் போனார். கொக்கியில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றது. கொக்கி இறுகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மழைச்சாரலில் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். வேகனுக்கு வெளியே கொங்காணி தெரிந்தது. ஆள் வெளியே வந்துவிட்டார், வழக்கம்போல் ஆடி அசைந்து சுற்றி வரப்போகிறார் என்று நினைத்தேன். பசி, ஈரம், வேலை ஏவுகிறவர்களின் கூச்சல். இரண்டாவது சாவியை எடுத்துப் போட்டுத் தள்ளினேன்.

கொங்காணி மட்டும்தான் வெளியே இருந்தது. குனிவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கழற்றி வேகனின் கைபிரேக் கம்பியில் மாட்டிவிட்டு, அவர் மறுபடி உள்ளே போயிருக்கிறார்.

அவர் போட்ட சத்தத்தை எழுதத் தெரியவில்லை. எழுதவும் மாட்டேன்.

சாவியை எப்போது கழற்றினேன், எப்போது மடியில் சொருகினேன் என்று நினைவில்லை. கை தானாகச் செய்துவிட்டது. இறங்கி ஓடும்போது அது என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. நாலு பேர் இருளப்பனைத் தூக்கினோம். தண்டவாளத்து மழைத் தண்ணீர் சிவந்திருந்தது. அந்த நிலையிலும் அவர் கை தன் இடுப்பைத் தடவி, சாவியை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி காட்டியது.

"சாவி எங்கிட்ட இருக்கு. அண்ணாச்சி மேல ஒரு தப்பும் இல்ல. எருமை தானா உருண்டுட்டு" என்றார்.

அப்புறம்தான் மயக்கமானார்.

"ஆமா சார்"

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷர். என்னை உட்காரச் சொன்னார். மேஜைமேல் இருளப்பனின் சாவி கிடந்தது.

"சாவி இல்லாம இன்ஜின் ஓடாது. சரிதானே?"

"ஆமா சார்."

"அப்ப, சரிவுல தானா உருண்டிருக்கு. பிரேக் பிடிக்கல."

"ஆமா சார்."

இவ்வளவுதான் என் வாக்குமூலம். "அதுக்கு மொத நாள் சாயந்தரம்தான் சார் பார்த்தேன், பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்று எருமையைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் தலையிலடித்துச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். குடும்பத்தோடு சாமான்களை வண்டியில் ஏற்றிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல இனி வழியில்லை.

எருமைக்குப் புது பிரேக் கட்டை போட்டார்கள். கழற்றிய பழைய கட்டையை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பாதிகூடத் தேய்ந்திருக்கவில்லை. அதைப் பழைய இரும்புக் குவியலில் போட்டதும் நான்தான்.

"ஒண்ணுமில்ல, போங்க"

கட்டைக்காலோடு திரும்பி வந்த இருளப்பனைக் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். தீப்பெட்டி இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்க்கும் வேலை.

அன்றிலிருந்து கம்பெனி மூடும்வரை தினம் காலையில் அவர் கை என் சட்டைப் பையைத் தடவும், பிறகு இடுப்பு மடியைத் தடவும். வாட்ச்மேனாகிவிட்டால் அண்ணாச்சி என்றுகூடப் பார்க்கமாட்டார். ஒழுங்காகத் தடவிவிட்டு, "ஒண்ணுமில்ல, போங்க அண்ணாச்சி" என்பார்.

இரண்டாவது சாவி அப்போது என் வீட்டில், பரண்மேல், ஆணியும் மரையும் போட்டு வைத்திருக்கும் பால்மாவு டப்பாவில் கிடந்தது. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. அவள் இருந்தவரை தெரியாது.

ஊருக்குள் பிளாஸ்டிக் லைட்டர் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ்களில் பல ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. எங்கள் மருந்துக்கும் கிராக்கி போனது. கடைசி வேகனை இழுத்துவிட்டு எருமையை உடைமரத்தடியில் நிறுத்திய அன்று, சாவியைத் தனக்குத் தரச்சொல்லி இருளப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் வீட்டுக்குப் போனால் இப்போதும் பார்க்கலாம். சாமி படங்களுக்குப் பக்கத்தில், திருநீறு பூசி வைத்திருக்கிறார். போகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டிச் சொல்லுவார். "இது மட்டும் அன்னைக்கு என் இடுப்புல இல்லன்னா, அண்ணாச்சி மேலல்லா பழி விழுந்திருக்கும். புள்ளகுட்டிக்காரரு. சாமிதான் காப்பாத்துச்சு."

பேச்சி எனக்குக் காபி கொண்டு வந்து வைப்பாள். "சீனி போதுமா பெரியப்பா?" என்பாள். போதும் என்பேன்.

சொல்லிவிடுவதென்று மூன்று தரம் கழுகுமலைக்கு பஸ் ஏறியிருக்கிறேன். மூன்று தரமும் காபியைக் குடித்துவிட்டு, சங்கரன்கோவில் பஸ்ஸைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு வந்திருக்கிறேன். எருமையை வெட்டிய அன்று அவர் அந்த இரும்பிடம் வருத்தமில்லை என்று சொன்னபோது, எனக்கு வரவேண்டிய மன்னிப்பு ஆள் மாறிப் போய்ச் சேருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு எருமை துண்டு துண்டாக லாரியில் ஏறிப் போனது. இனி பழி போட அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை

நேரில் வாய் வரவில்லை, அதனால்தான் எழுதினேன். அச்சில் ஏறியதை விழுங்க முடியாது. இது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால், ஆமா சார்.

ஆனால் இதை இருளப்பன் வேறு யார் வாயாலும் கேட்கக்கூடாது. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் கழுகுமலைக்கு வந்துவிடுவேன். பேச்சி புத்தகம் வாங்கி வரும்போது நான் வீட்டில் இருப்பேன்.

பேச்சி, வழக்கம்போல் சத்தமாக வாசி தாயி. பெரியப்பா முகத்தைப் பார்த்து நடுவில் நிறுத்திவிடாதே. இந்த வரிவரைக்கும் வாசி. காபி வேண்டாம்.

இருளப்பா, இந்த வாரம் உளுந்த வடை, பருப்பு வடை எதுவும் இல்லை. தப்பு ஒன்றே ஒன்றுதான். எருமை தானாக உருளவில்லை. நான்தான் தள்ளினேன்.

எழுந்து வாரும். கேட்டில் செய்வது போல என்னை நிறுத்தி, இடுப்பு மடியைத் தடவிப் பாரும். இந்தத் தடவை இருக்கிறது.